கெணத்து ஆட்டக்காரி

“இப்ப நீங்க கரைக்கு மேல நிக்கிறீங்க. கிழக்கால ரெண்டு மயிலு, ஒண்ண ஒண்ணு பார்த்துக்கினு இருக்குது. மேற்கால ஒண்ணும் கெடையாது, வெறும் பொடவ உடம்பு. அப்படியே வடக்க போனீங்கன்னா ஒரு அன்னம் வரும். அது வாயில ஒரு பூ. பூவுல அஞ்சு எதழு. எண்ணிக்கினீங்களா?”

போனின் மறுமுனையில் ஒரு பட்டு முதலாளி பெருமூச்சு விடுகிறார். “படந்தான் வாட்ஸ்அப்புல வந்துடுச்சேம்மா. பார்த்துட்டேன். நல்லாதான் இருக்குது. அட்ட குத்த அனுப்பிடு.”

“பார்த்தா போதாதுங்க. நான் சொல்றத கேட்டுக்கினே ஒரு வாட்டி உள்ள நடந்து வாங்க. அப்புறமா அனுப்புறேன்.”

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைதான் ஏலவார்குழலியின் கடை. கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று, வருகிறவர்கள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. பட்டுப்புடவையின் கரைக்கும் முந்திக்கும் வேண்டிய டிசைனைக் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறியின் தலைமேல் ஏறும். ஓட்டை எப்படியோ அப்படியே புடவையில் பூ விழும். ஊரில் இந்த வேலை செய்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால் படத்தை அனுப்பிவிட்டு, அந்தப் படத்துக்குள் வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து நடக்கவைக்கிறவள் இவள் ஒருத்திதான். இளவட்டங்கள் அவளுக்கு ‘கமென்ட்ரி அக்கா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும். கண்டுகொள்வதில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது இன்னொரு கூத்து நடக்கும். தெருவில் நின்றபடி, கையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். “சாவி, டார்ச்சு, குடை, டிபன் பாக்ஸ், அண்ணா மாத்திர.” ஐந்து. ஆறுவரை போகலாம். ஏழாவது பொருளை அவள் தொடமாட்டாள். யார் எதைக் கொடுத்தாலும், கையில் உள்ள ஒன்றை எங்காவது வைத்துவிட்டுத்தான் அதை வாங்குவாள். ஒருமுறை மழைக்காலத்தில் சுரைக்காய் வாங்குவதற்காகக் குடையைக் காய்கறிக் கடையிலேயே விட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்து வீடு போய்ச் சேர்ந்தாள். கடைக்காரர் குடையோடு பின்னாலேயே ஓடிவந்தும் வாங்கவில்லை. “கை நெறஞ்சி இருக்குதுபா” என்றாளாம்.

இந்தக் கிறுக்கெல்லாம் எங்கே பிடித்தது என்று கேட்டால் சொல்லமாட்டாள். அது முப்பத்து மூன்று வருஷத்துக் கதை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அண்ணன் திருஞானசம்பந்தத்துக்குப் பதினைந்து. அப்பா கைலாசம், பரமசிவம் என்கிற முதலாளியின் டிசைன் கூடத்தில் அட்டை குத்திக்கொண்டிருந்தார். கணக்கு வழக்குக்காக என்று பரமசிவம் ஒரு கம்ப்யூட்டரை மதராஸிலிருந்து வரவழைத்து, மல்லிகைப்பூ மாலை எல்லாம் போட்டு ஒரு மூலையில் வைத்தார். வைத்ததோடு சரி, அதைத் தொட அவருக்குப் பயம். அதை மாட்டிக் கொடுக்க வந்த ஆள் ஒரு ஃபிளாப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனான். அதில்தான் அந்த ஆட்டம் இருந்தது.

ஆட்டம் என்றால் படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அவ்வளவுதான். ‘வறண்ட கிணற்றின் விளிம்பில் நிற்கிறாய். அருகே ஒரு கயிறு கிடக்கிறது’ என்று இங்கிலீஷில் எழுதிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கும். என்ன செய்யவேண்டும் என்று நாம் இரண்டே வார்த்தையில் தட்டிச் சொல்லவேண்டும். கயிறு எடு. கீழே இறங்கு. வடக்கே போ. மூன்றாவது வார்த்தை தட்டினால் அதற்கு ஏறாது. ‘நீ சொல்வது எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லிவிட்டு மறுபடி காத்திருக்கும். ஃபிளாப்பியின் மேல் ஒட்டியிருந்த காகிதம் உரிந்துபோயிருந்ததால் அதன் பெயர் இவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கெணத்து ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டார்கள். பெயர் தெரியாததால் இன்றைக்கு இன்டர்நெட்டில் தேடவும் வழியில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா வேலை முடிக்கிற வரைக்கும் அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். தட்டுவது குழலி. டிக்ஷனரியைப் புரட்டி அர்த்தம் சொல்வது அண்ணன். வகுப்பில் இங்கிலீஷில் பதினெட்டு மார்க்கைத் தாண்டாதவள், கயிறு, ஏணி, திற, மூடு என்று நாற்பது சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். கிணற்றுக்குள் உப்பாலான ஓர் அறை இருந்தது. முள் இல்லாத கடிகாரம் இருந்தது. மெழுகுக் கதவு ஒன்றும், கண் தெரியாத ஒரு குதிரையும் இருந்தன. ஆறு பொருளுக்கு மேல் எடுக்கமுடியாது. கை நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடும். எல்லாவற்றையும் தாண்டிப் போனால் ஒரு வாசல். அங்கே ஒரு காவல்காரன். ‘எனக்கு என்ன கொண்டுவந்தாய்?’ என்று கேட்பான். எதைக் கொடுத்தாலும் ‘இது இல்லை’ என்பான். அங்கேதான் இரண்டு பேரும் மூன்று மாதம் மாட்டிக்கொண்டார்கள்.

வீட்டிலும் இதே பேச்சுதான். “குழலி, செம்பு எடு.” “அண்ணா, கதவு தெற.” அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு வரச் சொன்னால் சம்பந்தம் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “எனக்குப் புரியல” என்பான். முதுகில் ஒரு அடி விழுந்த பிறகு புரியும்.

வழி தவறாமல் இருக்க அண்ணன் ஒரு வரைபடம் போட்டான். டிசைன் கூடத்தில் கிராஃப் தாளுக்குப் பஞ்சமா? அறைக்கு ஒரு சதுரம், வழிக்கு ஒரு கோடு. ஆனால் பென்சிலால் கிறுக்கி, அழித்து, அழித்து அசிங்கமாக இருந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் அதை அழகாக்கிக் கொடுக்கவேண்டும் என்று குழலிக்கு ஆசை. ஒருநாள் அண்ணன் வருவதற்கு முன்னால், புதுத்தாள் ஒன்றில் கட்டம் எண்ணி வரைந்து, அப்பாவின் சிவப்பு மையைத் தொட்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். அச்சு அசல் டிசைன் தாளைப்போலவே வந்துவிட்டது. மை காயவேண்டும். காற்றில் பறக்கக்கூடாது. அப்பாவின் மேஜைமேல் ஒரு பழைய எடைக்கல் இருந்தது. தாளை அதற்கு அடியில் வைத்துவிட்டு, அம்மா கூப்பிட்டாள் என்று வீட்டுக்கு ஓடிவிட்டாள். போனவள் மறந்தும் போனாள்.

கைலாசத்தின் வேலைமுறை ஊருக்கே தெரியும். கல்லுக்கு அடியில் எது இருக்கிறதோ அதைக் குத்துவார். இது என்ன, யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார். தாளின்மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்து மறைத்துக்கொண்டு, ஒரு வரி மட்டும் தெரியும்படி இறக்குவார். அந்த வரியைக் குத்துவார். சட்டத்தை அடுத்த வரிக்கு இறக்குவார். இருபது வருஷமாக அவர் வரியைத்தான் பார்த்தாரே தவிர ஒருநாளும் படத்தைப் பார்த்ததில்லை. கிணறும் உப்பறையும் குதிரையும் இருநூற்றுச் சொச்சம் அட்டையாகி, கோக்கப்பட்டு, ஒரு தறிக்குப் போய்விட்டன. நெய்தவரும் புது டிசைன் என்று நினைத்துக்கொண்டு, அரக்கு முந்தியில் நல்ல சரிகை போட்டு நெய்தார். பரமசிவம் வந்து பார்த்தபோது முந்தி முடிந்திருந்தது.

அந்தப் புடவையைத் தூக்கிக்கொண்டு அவர் கூடத்துக்குள் வந்தது குழலிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “இன்னாய்யா கைலாசம் இது, வாய்க்கா வெட்டி வெச்சிருக்கிற?” அப்பா முந்தியை விரித்துப் பார்த்தார். முதல் தடவையாகப் படம் முழுவதையும் பார்த்தார். மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு, சுவரை ஒட்டி நின்ற பிள்ளைகள் இருவரையும் பார்த்தார்.

“யாரு வெச்சது?”

குழலி வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தைத் திருப்பாமல், தன் இடது குதிகாலைத் தூக்கி அவளுடைய வலது கால் சுண்டுவிரலின்மேல் வைத்து அழுத்தினான். உயிர் போகிற வலி. திறந்த வாய் மூடிக்கொண்டது.

“நான்தாம்பா வெச்சேன்.”

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். “வெளையாட்டு ரொம்ப ஆயிடுச்சு. நாளையிலேர்ந்து தறிக்கு வா” என்றார். சம்பந்தம் அப்போது பத்தாவது. கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவன்தான் முதல். வாத்தியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். மறுவாரம் அண்ணன் தறியில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு வந்தது.

குழலி படித்தாள். அவள் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்த மூன்று வருஷமும் அண்ணன் நெய்துகொண்டிருந்தான். அவள் கடை திறந்த அன்று அவன் வந்தான். புது கம்ப்யூட்டருக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றான். “தம்மாத்தூண்டு ஆயிடுச்சில்ல” என்றான். தொட்டுப் பாரு அண்ணா என்றதற்கு, “கையெல்லாம் பிசினு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

தாளை வைத்தது நான்தான் என்று அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அப்பா செத்தபிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். செத்தபிறகு, இனிமேல் சொல்லி என்ன என்று தோன்றியது. அண்ணனுக்குத் தெரியுமா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. தங்கை அழகாக்கியதை அவன் பார்க்கவே இல்லையே. தன் பென்சில் தாளைத்தான் அப்பாவின் மேஜைமேல் தவறவிட்டதாக நினைத்து, தன் தப்பு என்றே நம்பி, முப்பத்து மூன்று வருஷம் தறியில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அப்படியானால் அந்தக் குதிகால் எதற்கு? சும்மா பயத்தில் மிதித்ததா? இதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வாடிக்கையாளர்களிடம் பூவின் இதழை எண்ணச் சொல்கிறவள், இந்த ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

போன தை மாதம் தறியில் உட்கார்ந்திருந்தபடியே சம்பந்தத்துக்கு வலது கை விழுந்தது. பக்கவாதம். வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த பேச்சில் ஒரு தடவைக்கு ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு. இன்னொருமுறை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் கடையைப் பூட்டியதும் ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணி காவேரி பாவம், வாய் நிறையப் பேசுகிறவள். “இன்னாங்க, இட்லிக்குச் சட்னி வெக்கட்டுமா, இல்ல நேத்து வெச்ச கொழம்ப சூடு பண்ணிக் குடுக்கட்டுமா, சொல்லுங்க” என்று அவள் கேட்டால் அவன் முகம் சிவந்து, இடது கையால் கட்டிலை அடிப்பான். குழலி வந்து பக்கத்தில் உட்காருவாள். அவனுடைய இடது பக்கத்தில்தான் உட்காருவாள். “சட்னி வேணுமா?” “வேணும்.” “வாய் தெற.” திறப்பான். இரண்டு வார்த்தைக்கு மேல் போகாதவரை எல்லாம் சுமுகமாக நடக்கும். காவேரி இதை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் இன்னா பாஷ பேசிக்கினு இருக்கீங்களோ” என்பாள். அவள் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும், நியாயந்தானே.

ஆடி மாதத்தில் ஒருநாள் குழலி மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தாள். “அண்ணா, அந்தப் புடவ ஞாபகம் இருக்குதா, நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப, அப்பா மேசமேல, அன்னிக்கி நீ வர்றதுக்கு முன்னாடி நான் இன்னா பண்ணேன்னா…” அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு ஒரு பக்கமாக நகர்ந்தது.

“புரியல.”

அவள் அன்று ஷேர் ஆட்டோவில் வரும்போது அழுதாள். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லையா, இல்லை, அம்மாவிடம் சொல்வானே, அந்தப் ‘புரியல’யா? எது என்று இனி யாரிடம் போய்க் கேட்பாள்?

அந்தப் புடவை அவளிடம்தான் இருந்தது. விற்கமுடியாத புடவை என்று அப்போது அது இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அம்மா அதைக் கல்யாணங்களுக்கெல்லாம் கட்டிக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம், “புது டிசைன்மா, இனிமேதான் கடைக்கே வரும்” என்று கூசாமல் சொன்னாள். அவள் போனபின் மகளுக்கு என்று அது குழலியின் பீரோவுக்கு வந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தொடாமல் மற்றதை எடுக்கப் பழகியிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அதை ஒரு மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு டார்ச் இல்லை, குடை இல்லை. கையில் ஒரே ஒரு பொருள்தான்.

காவேரி சமையலறையில் மிக்ஸி போட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தம் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். குழலி அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்து, இரண்டு பேர் மடியிலும் படும்படி முந்தியை விரித்தாள். அரக்கு கொஞ்சமும் மங்கவில்லை. சரிகைக் கோடுகள் சதுரத்துக்குச் சதுரம் ஓடிக்கொண்டிருந்தன.  அவனுடைய இடது கையின் சுட்டுவிரல் வந்து கீழ்க்கோடியில் இருந்த சதுரத்தில் நின்றது.

“கெணறு” என்றான்.

“கீழ எறங்கு” என்றாள் அவள்.

விரல் அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தது. “வடக்க போ.” போனது. உப்பறையில் நின்றது. “உப்பு” என்றான். அதற்குப் பிறகு அவள் சொல்வதற்கு முன்னாலேயே விரல் போய்க்கொண்டிருந்தது. கடிகாரம், குதிரை, மெழுகுக் கதவு. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முப்பது வருஷம் சரிகையைத் தடவிக் காய்த்த விரல் அது. மேல்கோடியில் கடைசிச் சதுரம் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் கோடு இல்லை, வெறும் பட்டு. விரல் அங்கே நின்றுகொண்டது.

“காவக்காரன் கேக்குறான்” என்றான்.

இரண்டு வார்த்தை. தெளிவாகச் சொன்னான்.  எத்தனையோ வருஷமாகக் குழலி மனதுக்குள் எழுதி, அழித்து, எழுதிவைத்திருந்த அத்தனை பெரிய வாக்கியங்களும் அப்போது ஒன்றுக்கும் உதவவில்லை. அவளும் இரண்டு வார்த்தைதான் சொன்னாள்.

“நாந்தான் வெச்சேன்.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. உள்ளே மிக்ஸி நின்றது. காவேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

“இன்னா குழலி? யாரு வெச்சது? எத வெச்சது?”

குழலி சொல்வதற்கு வாயைத் திறந்தாள். கட்டிலுக்குக் கீழே அண்ணனின் இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வந்தது. குதிகாலைத் தூக்கி, அவளுடைய வலது கால் சுண்டுவிரலின்மேல் வைத்து அழுத்தினான்.